மூணு பக்கம் கரை, ஒரு பக்கம் சுவர்

புதுக்கோட்டைச் சீமையில் போர்வைக்கு வேலை வருஷத்தில் இரண்டு மாதம், அதுவும் விடியக்காலையில் மட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி மிரட்டும். ஒன்பது மணிக்கு வெயில் வந்து அந்தப் பழமொழியைப் பொய்யாக்கிவிடும். மிச்ச மாதங்களில் போர்வை தலைக்கு அணை, கயிற்றுக் கட்டிலுக்கு மெத்தை, கொசுவுக்குத் தடுப்பு, வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது முகத்தை மூடிக்கொள்ள ஒரு துணி. அப்படியிருந்தும் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை இல்லாத வீடு கிடையாது. அந்தப் போர்வையின் ஓரத்துக்குக் கரை வைக்காமல் விட்ட பெண்ணும் கிடையாது.

எங்கள் அப்பத்தா போர்வை தைக்க உட்காருவது பங்குனி, சித்திரையில். காட்டு வேலை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நேரம். வேகாத வெயிலில் எதற்குப் போர்வை என்று கேட்டால், "கூரைய மழைக்குள்ளயாடி மேய்வாக?" என்பாள்.

திண்ணையில் பாயை விரித்து அதன்மேல் அடிச்சேலை. அடுத்து கிழிந்த வேட்டி, மைதா மூட்டைத் துணி, அண்ணன் போட்டுக் கிழித்த கால்சட்டையைப் பிரித்த துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே, பார்வைக்குச் சுமாரான ஒரு சேலை. நாலு மூலைக்கும் படி, உழக்கு, குழவி, செங்கல் என்று அகப்பட்டதைப் பாரம் வைத்து இழுத்துவிட்டு, நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கித் தையல் ஓட்டிக்கொண்டு வருவாள். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து குவிந்துவிடும். சேலையின் பன்னா நாலடிகூட வராது. ஐந்தடி அகலம் வேண்டுமென்றால் ஒட்டுப்போட்டே தீர வேண்டும். ஒட்டு தெரிந்தால் அவளுக்குக் கவலையில்லை. ஓரம் பிசிறாகத் தெரிந்தால்தான் மானம் போய்விடும். "ஓரம் நல்லாருந்தா உள்ள என்ன கெடக்குன்னு எவ பிரிச்சுப் பாக்கப்போறா?"

கரை வைப்பதில் ஒரு கணக்கு இருந்தது. சேலையில் முதலில் நைவது உடம்புதான்: உட்காரும் இடம், முழங்கால் படும் இடம். கீழ்க்கரை குதிகாலில் மிதிபட்டும் வரப்புச் சேற்றில் இழுபட்டும் நாராகிவிடும். இடுப்பில் செருகியிருக்கும் மேல்கரை மட்டும் கடைசிவரை சாயம் கலையாமல் கிடக்கும். ஆக, ஒரு சேலை செத்தால் அதில் தேறுவது ஒரே ஒரு கரை. 12 முழச் சேலை என்றால் 18 அடி. போர்வையோ ஆறடிக்கு ஐந்தடி; சுற்றிவர 22 அடி. தலைமாட்டுக்கு ஐந்து, கால்மாட்டுக்கு ஐந்து, நீளவாக்கில் ஒரு பக்கம் ஆறு, மூலை திரும்பும்போது மடிப்புக்குள் போவது கொஞ்சம், மிச்சம் ஒரு முழம் எனக்குச் சடை கட்ட. அதோடு கரை தீர்ந்துவிடும். நாலாவது பக்கத்துக்கு இன்னொரு சேலை கிழிய வேண்டும். கிழிவதற்கு எங்கள் வீட்டுச் சேலைகள் தயங்கியதே இல்லை. ஆனால் அவற்றுக்குத் தூளி, சும்மாடு, விளக்குத்திரி என்று வேறு உத்தியோகங்கள் காத்திருந்தன. அதனால் நாலாவது பக்கத்தை வெறுமனே மடித்துத் தைத்துவிட்டு, அந்தப் பக்கம் சுவரோரம் விழும்படி விரித்துவிடுவார்கள். மடித்துக் கொடியில் போடும்போதும் கரைப் பக்கம் வாசலைப் பார்த்துக் கிடக்கும்.

ஒருமுறை என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர் மழையால் ராத்தங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் போர்வையின் கரை சுவர்ப் பக்கம் கிடக்கிறது, மொட்டை ஓரம் கூடத்தைப் பார்த்து இளிக்கிறது. வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு அப்பத்தா தாத்தாவிடம் தீர்ப்புச் சொன்னாள்: "ராத்திரி பூரா உருண்டுருக்கான். கட்டுன எடத்துல நிப்பானா?" சம்பந்தம் கைகூடவில்லை. ஓரத்தின் குறையைப் பார்த்துவிட்டவனை மருமகனாக்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டின் பெருமைக்குரிய போர்வை ஒன்று இருந்தது. திருமயம் வட்டத்தில் கோனாப்பட்டு, இராயவரம் பக்கத்துச் செட்டிநாட்டு வளவு வீடுகளில் வேலைக்கு நின்ற உறவுக்காரர்கள் தீபாவளிக்கு ஊர் வரும்போது, ஆச்சிமார் கட்டிக் கழித்த கண்டாங்கிகளைக் கொண்டுவருவார்கள். கட்டமும் கோடுமாக உடம்பு, அதற்கு உள்ளங்கை அகலத்துக்கு அரக்குக் கரை. அந்தக் கரையை வைத்துத் தைத்த போர்வைக்குள் என்ன குப்பை கிடந்தாலும் அது ராஜ போர்வை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது, அதன்மேல் எத்தனை குழந்தைகள் மூத்திரம் போயிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். நானும் உண்டு, என் தம்பிகளும் உண்டு.

1983-ல் எம்.ஜி.ஆர். அரசு பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கத் தொடங்கியதும் போர்வைகளின் உள்ளடக்கம் மாறியது. ஊர் முழுக்க ஒரே மாதிரிச் சேலை கிழிந்து ஊர் முழுக்க ஒரே மாதிரிப் போர்வையாக மறுபிறவி எடுத்தது. எந்த வீட்டுப் போர்வை எந்தக் கொடியில் காய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி ஓரம்தான். இன்னொரு பக்கம் நைலக்ஸ் சேலை வந்தது. கட்டினால் கசங்காது, துவைத்தால் உடனே காயும், கிழியவே கிழியாது. போர்வைக்கு இவ்வளவு விரோதமான துணி உலகத்தில் கிடையாது. அடுக்கி வைத்தால் வழுக்கும், தைத்தால் தையலைவிட்டு நழுவும், போர்த்தினால் வேர்க்கும். அப்பத்தா அதை ஒரே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "இது செத்தாலும் ஒதவாது" என்று தள்ளிவிட்டாள்.

லேஸ் யுகம் சைக்கிளில் வந்தது. அதற்கு முன்னால் லேஸ், ரிப்பன், நாடா எல்லாம் ஆண்கள் கைவழியாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும். சாம்பிளுக்கு ஒரு துண்டைச் சட்டைப் பையில் வைத்து அனுப்புவார்கள். போனவர் சந்தையில் ஆட்டுக்கு விலை பேசிவிட்டு, டீ குடித்துவிட்டு, துண்டைத் தொலைத்துவிட்டு, கைக்கு வந்த நிறத்தில் வாங்கி வருவார். மஞ்சள் போர்வைக்கு ஊதா லேஸ். திட்டவும் முடியாது, தைக்காமல் விடவும் முடியாது. 1991-ல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிள் ஓட்டிப் போனதை வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து பார்த்து எழுதினார்கள். எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். அந்தச் சைக்கிள்களில் ஒன்று என் சின்னத்தையுடையது. அது எழுத்தறிவுக் கூட்டத்துக்குப் போனதைவிடக் கீழராஜவீதி ஃபேன்சி ஸ்டோருக்குப் போனதுதான் அதிகம். சமஸ்தானக் காலத்திலேயே நேர்கோடாக அமைந்த வீதிகள். வழி தவற வாய்ப்பில்லை.

பெண்ணே நேரில் நின்று லேஸ் தேர்ந்தெடுத்ததன் விளைவு பயங்கரமாக இருந்தது. தெருவில் ஓர் அக்காவுக்கு அரசாங்கத்தின் இலவசத் தையல் மிஷின் கிடைத்திருந்தது. சின்னத்தை வாங்கிவந்த லேஸும் அந்த மிஷினும் ஒன்று சேர்ந்ததும் ஊரில் ஓரம் என்று ஒன்று இருந்த எதுவும் தப்பவில்லை. தலையணைக்கு ஃப்ரில், டிவிக்கு உறை, உறைக்கு ஃப்ரில், மிக்ஸிக்குப் பாவாடை, ரேடியோவுக்கு முக்காடு. காலண்டருக்கு மட்டும் வைக்கவில்லை. அது தினம் கிழிவது. போர்வைக்கு நாலு பக்கமும் வெள்ளை லேஸ் வந்தது. சுவரோரப் பக்கத்துக்கும் வந்தது. இனிமேல் மாப்பிள்ளை எப்படி வேண்டுமானாலும் உருளலாம்.

லேஸின் பூர்வீகம் நம் தெற்குச் சீமையில் கொஞ்சம் கௌரவமானது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போயிற்று. கணவர் திராவிட மொழிகளின் வேரைத் தேடிக்கொண்டிருந்த வீட்டில் அம்மையார் பெண்களுக்கு ஓரம் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னிய பெண்களின் லேஸ் சீமைக்குக் கப்பலேறியது. பின்னியவர்கள் வீட்டுப் போர்வைக்கு அது வந்ததா என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. எங்கள் மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களில் ஆச்சிமார் ஓலைக் கொட்டானுக்கே கொக்கியால் பின்னிய லேஸும் மணியும் வைத்து அழகு பார்த்தவர்கள். கீழராஜவீதியில் மீட்டர் கணக்கில் கிடைத்ததற்கு இந்தக் குலப்பெருமை எதுவும் இல்லை. ஏதோ ஓர் ஊர் மிஷின் நீளமாகத் துப்பியது.

அதன் குணம் முதல் துவையலிலேயே தெரிந்துவிட்டது. பழஞ்சேலை பத்து வருஷம் துவைபட்டு, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி, அடங்கி ஓய்ந்த துணி. புதுப் பருத்தி லேஸ் இனிமேல்தான் சுருங்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தைத்துத் துவைகல்லில் அடித்தால், நடுவில் துணி அப்படியே இருக்க, ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டு போர்வை பொரித்த அப்பளமாகக் குவிந்துவிடும். மூலையில் லேஸைக் கொஞ்சம் சுருக்கம் கொடுத்துத் தாராளமாக விடாமல் இறுக்கித் தைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது குணம் ராத்திரியில் தெரிந்தது. லேஸின் ஓட்டைகள் கால் விரலுக்கென்றே அளவெடுத்தவை. கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும், உதைத்தால் டர்ரென்று சத்தம் கேட்கும், காலையில் சின்னத்தை ஊசியோடு உட்கார்ந்திருப்பாள். சேலைக்கரை வைத்த போர்வையில் உள்ளே உள்ளதெல்லாம் மக்கிய பிறகும் ஓரம் நின்றது. லேஸ் வைத்ததில் ஓரம்தான் முதலில் போனது. போர்வை முதலில் தேய்வது ஓரத்தில்தான், தாடையும் பாதமும் அங்கேதான் உரசுகின்றன என்பதை அப்பத்தா யாருக்கும் பாடமாக நடத்தவில்லை. அங்கே கெட்டித் துணியை வைத்தாள், அவ்வளவுதான். அலங்காரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கம் புகுந்து போனது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. போர்வைக்கு உண்மையாகவே வேலை வந்த நாட்கள் அவை. ஆனால் தைத்த போர்வைகளெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தன. ஏழெட்டு அடுக்குத் துணி ஒருமுறை நனைந்தால் இரண்டு ஆள் சேர்ந்துதான் பிழிய வேண்டும், காய நல்ல வெயில் வேண்டும். வெயில் வருவதற்குள் பூஞ்சை வந்துவிட்டது. எங்கெங்கோ ஊர்களிலிருந்து லாரிகளில் நிவாரணப் போர்வைகள் வந்தன. கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து சேர்ந்தன. ஓரத்தில் பளபளப்பான பட்டி வைத்து ரெடியாக அடித்த போர்வைகள். பழையவற்றைத் தென்னை மட்டைகளோடு சேர்த்து எரித்தார்கள். கண்டாங்கிக் கரை வைத்த எங்கள் ராஜ போர்வையும் அதில் போனது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் உட்கார்ந்து போர்வை தைத்து நான் பார்க்கவில்லை.

இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே வருஷம் முழுக்க மார்கழி. 2020 முதல் அறை ஏசி எல்லாம் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் அரசாங்கம் விதி வைத்திருக்கிறது. மருமகன் அதை முதல் வேலையாக 18-க்கு இறக்குகிறார். பிறகு குளிர்கிறது என்று பஞ்சு அடைத்த மெத்துமெத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறார். கூரை வீட்டில் இல்லாத பனியை மின்சார பில் கட்டி வரவழைத்து, அந்தப் பனிக்குப் பயந்து போர்வை வாங்கும் குடும்பத்தில் நான் மூத்த உறுப்பினர்.

போன மாதம் மகள் ஆன்லைனில் ஒரு போர்வை வரவழைத்தாள். பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் தைத்தது. விலையைச் சொன்னால் அப்பத்தா எழுந்து வந்துவிடுவாள். பிரித்துப் பார்த்தேன். ஒட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நாலு ஓரமும் வெட்டியது வெட்டியபடி, நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஓரமே அடிக்கலையேம்மா. திருப்பி அனுப்பிடு."

"அம்மா, அதுதான் டிசைன். பிசிறா விட்டாத்தான் ஹேண்ட்மேடுன்னு தெரியும்."

கூட ஒரு அட்டை வந்திருந்தது. இது ஏதோ ஒரு பாட்டியின் கதையைச் சொல்கிறதாம். எந்தப் பாட்டி ஓரத்தைப் பிசிறாக விட்டாள் என்று அதில் இல்லை.

மகளைக் கேட்டால் உலகம் முழுக்கவே பழந்துணியில் போர்வை தைத்திருக்கிறார்கள் என்கிறாள், படங்களும் காட்டுகிறாள். வங்காளத்துக் கந்தாவில் பழஞ்சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தையல் ஓட்டினார்களாம். கரையை நாங்கள் வைத்தோம், அவர்கள் பிரித்தார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்துக் கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுக் கிழித்த துணிகளில் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் சுவரில் மாட்டப்பட்டன. 2006-ல் தபால்தலையாகவும் வந்துவிட்டன. எனக்குப் பிடித்துப்போனது கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் போர்வை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஓரத்தில் தைக்கத் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வருவார்களாம், அப்பத்தாவுக்கு நேரெதிர். முடித்ததும் நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து மடித்துப் 'பூ' வைப்பார்களாம். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாக நினைப்பார்களாம். இவர்களோடு அப்பத்தாவை ஒரு திண்ணையில் உட்காரவைத்திருந்தால் பாஷை தெரியாமலே பேசி முடித்திருப்பாள்.

எனக்கும் ஆசை வந்தது. மகளின் போர்வைக்குக் கரை வைத்துவிடுவது என்று என்னுடைய பழைய சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு முனையிலிருக்கும் தையல் கடைக்குப் போனேன். கடையில் ஃபால்ஸ் அடிக்கக் காத்திருந்த சேலைகளும், முந்தியில் குஞ்சம் கட்டக் கொடுத்திருந்த பட்டுகளும் அடுக்கியிருந்தன. குஞ்சம் கட்டும் கூலியைக் கேட்டேன். அந்தக் காலத்தில் அதற்குச் சேலையே வாங்கலாம். போர்வையைக் கையில் தூக்கிப் பார்த்த தையல்காரர், "இது மிஷின்ல ஏறாதும்மா. 16-ம் நம்பர் ஊசி ஒடஞ்சிரும். 18 போட்டு மெதுவா ஓட்டணும்" என்றார். "ஏம்மா, ஓரத்தை இப்படியே விடறதுதானே இப்ப ஃபேஷன்?" என்றும் கேட்டார். கரூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவராம். அங்கே ஓரத்தில் ஒரு நூல் பிசிறினால் பீஸைத் தூக்கித் தனியே போட்டுவிடுவார்களாம். அப்படித் தள்ளியதைக் கிலோ கணக்கில் வாங்கி, அதை இன்னும் கொஞ்சம் பிசிறாக்கி விற்கிறவர்களையும் தனக்குத் தெரியும் என்றார். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கையாலேயே தைத்தேன். என் சேலை ஐந்தரை மீட்டர். கீழ்க்கரை இந்தக் காலத்தில் ஃபால்ஸ் புண்ணியத்தில் கிழியவில்லை. இரண்டு கரையும் கிடைத்தது, நாலு பக்கமும் சுற்றி வந்து மிச்சமும் இருந்தது. மகள் பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா, ஆனா இப்ப இது கடையில வாங்கினது மாதிரி இருக்கு" என்றாள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது, அதனால் இரண்டு பேருக்கும் சண்டையில்லை.

உங்கள் வீட்டில் பழஞ்சேலை கிடந்து, நீங்களும் ஓரம் வைக்க நினைத்தால் சேலைக்கரையே வையுங்கள், அதுதான் உழைக்கும். லேஸ்தான் வேண்டுமென்றால் தைப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துவிட்டுத் தையுங்கள். சிவப்பாக இருந்தால் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மூலையில் தாராளமாக விடுங்கள். கைக்குழந்தைக்குத் தைப்பதானால் லேஸ், குஞ்சம், மணி எதுவும் வேண்டாம், விரல் மாட்டும், வாயில் போகும். வெறும் மடிப்புத் தையல் போதும்.